மன்னார்குடி நாடகமும் வாட்ஸப் சோழர்களும்

"சோழர் காலத் தமிழ் நாடகம் கண்டெடுப்பு! பொறாமையே இல்லாமல் மனைவியை விட்டுக்கொடுத்த கணவன், அந்தக் காலத்திலேயே திறந்த திருமணம்" என்று ஒரு ஃபார்வர்டு மூன்று நாளாக எங்கள் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. பெரியப்பா வேறு இதயம் போட்டிருக்கிறார்.

நாடகம் நிஜம்தான், மற்றதெல்லாம் கப்சா. அது 'சதிதான சூரமு', தெலுங்கு யட்சகானம், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம். சோழர் ஆட்சி 1279-லேயே முடிந்துபோச்சு. இதுவோ 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜியின் பெயரில் வழங்குவது. மராட்டிய ராஜா தெலுங்கில் ஏன் எழுதினார் என்றால், நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனையில் இலக்கியத்துக்குப் பெரும்பாலும் தெலுங்குதான்.

சரி, கதைக்கு வருவோம். மன்னார்குடித் திருவிழாவுக்கு சீடனோடு வரும் ஒரு பிராமணர், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியைப் பார்த்து மயங்குகிறார். சாஸ்திரம் படித்தவர் குருவா சீடனா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சீடன் புத்தி சொல்கிறான், அந்தப் பெண்ணும் தர்மம் பேசித் தடுக்கிறாள், இவர் கேட்பதாயில்லை. கடைசியில் அவள் கணவனிடமே போய்த் தானமாகக் கேட்கிறார், அவனும் கொடுக்கத் துணிகிறான், சிவன் தோன்றுகிறார். மனைவியைத் தானம் கொடுத்த சூரன், அதுதான் தலைப்பு. இதில் திறந்த திருமணம் எங்கே இருக்கிறது? அதற்கு இருவர் சம்மதம் வேண்டாமா?

அடியார் வேடத்தில் வந்து கேட்ட சிவனுக்கு மனைவியையே கொடுத்த பூம்புகார் இயற்பகை நாயனார் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையின் எலும்புக்கூடு பழக்கமானதுதான். அங்கே பக்தி, இங்கே கிண்டல். பெரியப்பாவிடம் அதைச் சொன்னேன், இதயத்தை இன்னும் எடுக்கவில்லை.