"தெரிஞ்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

போன வாரம் முழுக்க எல்லார் கைப்பேசியிலும் சுற்றிய, சவூதியில் மாட்டிக்கொண்ட பையனின் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பையன் முதலில் ஊர் வந்து சேரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குக் கீழே வந்து விழுந்த கமெண்டுகளைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. டிரைவர் வேலை என்று கூட்டிக்கொண்டு போய் சவூதி பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். உதடெல்லாம் வெடித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "எப்படியாவது ஊருக்குக் கொண்டாந்து சேத்துருங்கண்ணே" என்று அழுகிறான். அதற்கு நம்மவர்கள் சொல்லும் ஆறுதல்: "போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

ஒருவர் இருவர் இல்லை. வரிசையாக அதே வாக்கியம். ஒருவர் ஒரு படி மேலே போய் "ஆசை யாரை விட்டது" என்று சிரிக்கிற பொம்மையையும் போட்டிருக்கிறார். அவர் எனக்குத் தெரிந்தவர், என் வீட்டு விசேஷத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். பெயர் சொல்ல மாட்டேன்.

சரி, தெரிந்துகொள்வதைப் பற்றியே பேசுவோம்.

என் அக்கா மகள் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனாள். அதற்கு வீடே ஒரு வருஷத்துக்கு மேல் தயாரானது. நம் படிப்பு உண்மைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், மொழி வகுப்பு, அப்புறம் அந்த பிளாக்டு அக்கவுண்ட், வருஷத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே கட்டிக் காட்டினால்தான் விசாவைப் பற்றியே பேசுவான். மாசம் 992 யூரோ அதிலிருந்து அவளுக்கே திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, வீடு கிடைத்ததும் போய் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், குளிர் அங்கியை இங்கே வாங்காதே அங்கே போய் வாங்கு என்று யூடியூபில் தமிழிலேயே நூறு பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். போய் இறங்கின பிறகும் தங்க ரூம் கிடைக்காமல் அவள் அல்லாடினாள். அப்போது யாராவது "தெரிஞ்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கேட்டார்களா? "ஐயோ பாவம், பொம்பளப் புள்ள தனியா என்ன பண்ணுதோ" என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமான பிள்ளை. நான் சொல்வது இவ்வளவுதான்: அவள் தெரிந்துகொண்டு போனாள், ஏனென்றால் அவளிடம் காகிதத்தைக் காட்டினார்கள். படிக்க நேரம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு கடைசி நாள் வரை அவள் கையில் இருந்தது.

இந்தப் பையன் கைக்குக் காகிதம் எப்போது வரும் தெரியுமா? ஏர்போர்ட்டில். பல நேரம் ஃப்ளைட்டுக்கு முதல் நாள் ராத்திரி. விசா, டிக்கெட், ஒப்பந்தம் எல்லாம் ஒரே கவரில். ஒப்பந்தம் ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அதற்குள் அவன் வீட்டில் நகை அடகுக் கடையில் இருக்கும், வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் "தொழில்" என்ற இடத்தில் வேறு ஏதோ போட்டிருக்கிறதே என்று அவனுக்கே புரிந்தாலும், கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவானா? நீங்கள் ஏறுவீர்களா? கமெண்ட் போடும்போது எல்லாரும் ஏறுவீர்கள்.

எனக்கும் அந்தக் கவர் வந்தது. பம்பாயில் ஒரு ரூமில் ராஜஸ்தான், பீகார் ஆட்களோடு படுத்துக் கிடந்து, இன்றைக்கு ஃப்ளைட் நாளைக்கு ஃப்ளைட் என்று காத்திருந்து, கடைசியில் ஏர்போர்ட் வாசலில் ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தான். நான் ஐடிஐ முடித்தவன், எலக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லியிருந்தார்கள். சவூதியின் தம்மாமில் போய் இறங்கி, அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதிக்கும் அட்டையான இக்காமா கைக்கு வந்தபோது அதில் சாதாரணத் தொழிலாளி என்று இருந்தது. சொன்ன சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. பாஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் லாக்கரில். சவூதிச் சட்டப்படியே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அந்தச் சட்டம் தெரியும்! தெரிந்து என்ன பண்ணுவது? போய்க் கேட்டேன், "வேணும்னா கேன்சல் போட்டு ஊருக்கு அனுப்பட்டுமா" என்றார். கேன்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அடகு வைத்த அம்மாவின் சங்கிலி கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"எல்லாம் இப்போ இணையத்தில் இருக்கு, அரசாங்கத்தின் இமைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் லைசென்ஸைப் பார்க்கலாம்" என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். ரொம்ப நன்றி சார். பார்க்கலாம்தான், டிக்கெட் பிரிண்ட் எடுத்துத் தரும் என் கடையில் நான் தினமும் பார்த்துக்கொடுக்கிறேன். ஆனால் லைசென்ஸ் இருப்பவர் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கிறார். ஊரில் டீக்கடையில் வந்து "ஒரு விசா இருக்கு மாப்ள" என்று சொல்கிறவர் எந்தத் தளத்திலும் இல்லை. அவர் யாருடைய மச்சானோ, யாருடைய சித்தப்பாவோ. அவரிடம் போய் லைசென்ஸ் நம்பர் கேட்டுப் பாருங்கள், அடுத்த நாள் உங்கள் அப்பாவிடம் "உன் மகன் என்னையவே சந்தேகப்படுறான்" என்று வந்து நிற்பார். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. என் கடைக்கு வருகிற ஆட்கள் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ரசீது கேட்டால் சிரிக்கிறார்கள்.

பத்தாவது தாண்டாதவனுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்தது. சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அவன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அது அவனைக் காப்பாற்றப் போட்ட விதி. அனுமதி வாங்கினால் ஒப்பந்தம் அரசாங்கத்தின் கண்ணில் படும், கூடவே இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். இதையெல்லாம் தவிர்க்கத்தான் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். "போய் இறங்கினதும் மாத்திக்கலாம்" என்பார்கள். அந்த 275 ரூபாய் இன்சூரன்ஸ் இல்லாமல் போவதைப் பற்றி அந்தப் பையனிடம் யார் சொன்னார்கள்? ஏஜெண்ட் சொல்ல மாட்டான். நீங்கள் சொன்னீர்களா? வீடியோ வந்த பிறகுதானே உங்களுக்கே வாய் திறந்தது.

இன்னொரு கும்பல், "படிக்காதவன் போனா இப்படித்தான்." 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் மாட்டிக்கொண்டு, அங்கே உட்கார்ந்து ஊரை ஏமாற்றும் வேலை பார்க்கச் சொல்லி அடிவாங்கினார்களே, அவர்கள் ஆடு மேய்க்கப் போனவர்களா? கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள். இன்டர்வியூவெல்லாம் முடித்துவிட்டுப் போனவர்கள். படிப்பு எங்கே காப்பாற்றியது? எதிராளி பொய் சொல்லும்போது தெரிந்துகொள்வது என்றால் எதைத் தெரிந்துகொள்வது?

2024 ஜூன் 12, குவைத் மங்காஃப். தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலை தீ. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள், அதில் ஏழு பேர் நம் தமிழ்நாடு. அவர்கள் முறைப்படி வேலைக்குப் போனவர்கள். அவர்களும் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டுமோ? தரைத்தளத்தில் மின்கசிவு வருமா என்று இங்கிருந்தே விசாரித்திருக்க வேண்டுமோ?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

போகிறவர்கள் தயாரிப்பே இல்லாமல் போகிறார்கள் என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஒரு தடவை என் கடைக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். மெடிக்கல் எடுக்கச் சென்னை, திரும்பி வந்து ஃபிட் என்று வருவதற்குள் தூக்கம் கிடையாது. போலீஸ் சான்றிதழ், சான்றொப்பம், விசா ஸ்டாம்பிங். வீட்டில் பெண்கள் ஒரு வாரம் பொடி இடிப்பார்கள். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி நான்கு பக்கமும் மார்க்கரில் பேர் எழுதுவார்கள். இவ்வளவு தயாராகிறவனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அவனுக்கு எதில் தயாராக வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் சொல்வேன். டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களிடம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். துபாய்க்கும் சவூதிக்கும் போகிறவன் பெட்டியில் கசகசா இருக்கக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், ஜெயில்தான். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து எதுவும் சும்மா எடுத்துப் போகக் கூடாது. ஒரு தடவை ஒரு ஆத்தா, பேரனுக்கு அரைத்த கறி மசாலாவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருந்தது. கசகசா போட்டியா என்று கேட்டேன்.

"ஆமாப்பா, ரெண்டு கரண்டி. அது இல்லாம கறிக்கொழம்பு எப்புடிப்பா?"

"ஆத்தா, அதை அங்க கொண்டுபோனா பிடிச்சு உள்ள போட்டுருவான்."

என்னை மேலும் கீழும் பார்த்தது. "நாம தின்னுறது அவனுக்கு என்னப்பா பண்ணுச்சு?" பதில் இல்லை என்னிடம். பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பேரனிடம் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி கசகசா இல்லாமல் புதிதாக அரைத்துக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆத்தாவிடம் போய் "தெரிஞ்சுக்கிட்டு அரைக்க வேண்டியதுதானே" என்று கேட்பீர்களா? கேட்டாலும் கேட்பீர்கள்.

அதேபோல் பக்கத்து வீட்டுக்காரர் தரும் பார்சல். "எம் மகனும் அதே கேம்ப்தான், இதைக் குடுத்துருப்பா." பிரித்துப் பார்க்காமல் வாங்காதே என்றால் மரியாதை இல்லாமல் போய்விடுமாம். மரியாதையைப் பார்த்தால் பாதி உலகத்துக்குப் போகவே முடியாது.

"அப்போ பையன் மேல தப்பே இல்லையா" என்று வருவீர்கள். இருக்கலாம். வாட்ஸப்பில் வந்த சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு போகிறவனும் உண்டு. சரி, ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

"சட்டமெல்லாம் இப்போ மாறிடுச்சு, கஃபாலா தளர்ந்துடுச்சு" என்று ஒரு படித்தவர். கஃபாலா என்றால் தொழிலாளியை முதலாளியின் பிடியிலேயே கட்டிப்போடும் முறை. மாறியது சார். 2021 மார்ச்சில் சவூதி, முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், ஊருக்குப் போய் வரலாம் என்று கொண்டுவந்தது. அந்தத் தளர்வில் யார் யாரைச் சேர்க்கவில்லை என்று பார்த்தீர்களா? வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர். இந்தப் பையன் வீட்டு டிரைவராகவே போயிருந்தாலும் அதில் இல்லை, ஆட்டுக்காரனாக ஆக்கப்பட்ட பிறகும் அதில் இல்லை. இதை அவன் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும், இல்லையா? ஏசி ரூமில் உட்கார்ந்து இதை எடுத்துக்கொடுத்த உங்களுக்கே பாதிதானே தெரிந்திருந்தது.

கேரளாவைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை. அங்கே 1996-லேயே வெளிநாடு போகிறவர்களுக்கென்று நோர்க்கா துறை வந்துவிட்டது. தம்மாமில் என் ரூமில் இருந்த மலையாளிக்கு எந்தப் பிரச்சினைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும், அவன் ஊர் ஆட்கள் ஒருத்தனுக்கு ஒன்று என்றால் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். நமக்கும் 1978 முதல் அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் துறை அலுவலகம் இருக்கிறது. நல்ல விஷயம்தான். எங்கள் ஊர் டீக்கடையில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டையும் கேள்விப்பட்டவன் ஒருத்தன் இருந்தால் டீ நான் வாங்கித் தருகிறேன். ஏஜெண்ட் பேரை மட்டும் பத்துப் பேரும் சொல்வார்கள்.

கடைசியாக அந்த "ஆசை". வயல் காய்ந்து, தங்கச்சிக்குக் கல்யாணம் நின்று, கூட்டுறவுக் கடன் கட்டாமல் நோட்டீஸ் வந்த வீட்டிலிருந்து போகிறவனுக்கு ஆசையா? என் அப்பா என்னை அனுப்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது அவர் இல்லை. லீவு தரவில்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை, போனில்தான் கேட்டேன். அதற்கும் ஊரில் ஒருவர் சொன்னார், "இப்படியெல்லாம் வரும்னு தெரிஞ்சுதானே போனான்." இத்தனை வருஷம் கழித்தும் அவரிடம் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. இதற்கு மேல் எழுதினால் வேறு எங்கோ போய்விடும், விட்டுவிடுகிறேன்.

போகப் போகிற தம்பிகளுக்கு: ஒப்பந்தத்தை வாட்ஸப்பில் ஒரு போட்டோவாவது முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, இக்காமா எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள், எதைப் பிடுங்கினாலும் நகல் இருக்கும். முதலாளி பேர், போன் நம்பர், இறங்கும் ஊர், ரியாத்திலோ ஜித்தாவிலோ இருக்கிற நம் தூதரக நம்பர், இவற்றை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், கைப்பேசியைப் பிடுங்கினால் தேட ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.