மனு ஏறுவதற்கு முன்னாடியே பேசவைக்கலாமே

ராமநாதபுரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. விவாகரத்து மனு அடிக்க அதிக நேரம் ஆகாது. பழைய மனு ஒன்றைத் திறந்து பெயர், ஊர், கல்யாணத் தேதி, நகைக் கணக்கை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. "சொல்லொணாத் துன்பம்", "நடத்தையில் சந்தேகம்", "கொலை மிரட்டல்" எல்லாம் அதிலேயே தயாராக இருக்கும்.

மண்டபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "குடிக்காத நாள்ல அவுக தங்கமானவுகதான், தனிவீடு பாத்தா வந்துருவேன்" என்றாள். மனுவில் அந்தத் தனிவீடு கடைசிவரை வரவில்லை. இருபது பத்தி கொடுமை வந்தது. அங்கிருந்து வந்த எதிர்மனுவில் அவள் நடத்தையையே இழுத்துவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் அதைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் சமரச மையத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு. அப்புறம் யார் முகத்தை யார் பார்ப்பது?

குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-இல். சமரசத்துக்கு வழி உண்டா என்று முதலில் பார்ப்பது கோர்ட்டின் கடமை என்கிறது 9-ஆம் பிரிவு. வக்கீல் வைப்பதை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது 13-ஆம் பிரிவு. சொத்து வழக்கு மாதிரி இதை நடத்தக் கூடாது என்றுதான் தனிக் கோர்ட்டே கொண்டுவந்தார்கள். நடப்பது என்னவோ அதே வாய்தா, அதே குறுக்கு விசாரணை.

என் கருத்து இதுதான்: குற்றச்சாட்டு எழுதுவதற்கு முன்னாடியே பேசவைக்க வேண்டும். முதலில் ஒரு பக்கப் படிவம் போதும். பிள்ளைகள் எத்தனை, செலவுக்கு என்ன வழி, உங்களுக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற சமரசர் முன்னால் இரண்டு மூன்று அமர்வு. அங்கே பேசியதை நாளைக்கு வழக்கில் சாட்சியாக்க முடியாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். சேர்ந்து வாழ்வதற்கு மட்டும் இல்லை, சண்டையில்லாமல் பிரிவதற்கும் இது வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கரையோரத்தில் ஊர்க்கூட்டமும் பார்த்திருக்கிறேன், ஜமாத்தும் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்காக அவள் அப்பாவோ மாமாவோதான் பேசுவார். கடைசியில் "அனுசரிச்சுப் போ தாயி." அடி வாங்கியவளை அடித்தவன் எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வது சமரசமே இல்லை. அதனால் முதல் நாளே அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அடி உதை இருந்தால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி நேராகப் பாதுகாப்பு உத்தரவுக்குப் போகட்டும். பேச்சு நடக்கிறது என்று ஜீவனாம்சத்தையும் நிறுத்திவைக்கக் கூடாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. யார் மதிக்கிறார்கள்?

நம்ம ஊருக்கென்று இன்னொரு சிக்கல். விசைப்படகில் போகிறவர் நிம்மதியாகக் கரையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதன் நடுவில் மே மாதம் முழுக்க சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை! மற்ற நாளில் வாய்தாவுக்கு வந்தால் அன்றைய பங்கு போச்சு, வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மாப்பிள்ளை துபாயில் இருப்பார், லீவு கிடைக்காது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஆன்லைனிலேயே பேசலாம் என்கிறது 2023-ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டம். தடைக்காலத்தில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ சமரச அமர்வு போட்டால் என்ன? நீதிபதி வர வேண்டாம், சமரசர் வந்தால் போதும்.

வக்கீல் நண்பர்கள் சிலர், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே என்பார்கள். மனு குறைந்தால் எனக்கும்தான் நட்டம். சரி, ஒப்பந்தம் எழுதவும் டைப் அடிக்க ஆள் வேண்டுமே, அதில் பார்த்துக்கொள்கிறேன்.