படத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு

கடந்த வாரத்திலிருந்து நண்பர்கள் பலரும் பாராட்டிப் பகிர்ந்துவரும் அந்த வடசென்னைப் புகைப்படக் கண்காட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். படங்களில் எனக்குக் குறையில்லை; உழைப்பு தெரிகிறது. என் கோபமெல்லாம் அவற்றின் கீழே ஒட்டியிருக்கும் அட்டைகளின் மேல்தான். ‘மீன் விற்கும் பெண், காசிமேடு’ என்கிறது ஒன்று. ‘வலை பின்னும் முதியவர், எண்ணூர்’ என்கிறது இன்னொன்று. படமெடுத்தவர் பெயர் இருக்கிறது, பொருளுதவி செய்தவர்கள் பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயரும் இருக்கிறது. முகத்தைக் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அந்த ‘மீன் விற்கும் பெண்’ என் பெரியம்மா. விடியுமுன் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவருடைய கல்யாணப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ராயபுரத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் எடுத்தது. அதன் உறையில் அவர் பெயர், பெரியப்பா பெயர், ரசீது எண், தேதி எல்லாம் ஸ்டுடியோக்காரரின் கையெழுத்தில் இருக்கின்றன. படம் உரியவரிடம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தவர் பெயரை எழுதினார். இப்போதைய படமோ பெரியம்மாவுக்கு வந்து சேரவே இல்லை. என் கைபேசியில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

பெயரை எழுதினால் அது தனி ஒருவரின் படமாகிவிடும், சமூகத்தின் முகமாக இராது என்று ஒரு நண்பர் விளக்கினார். இந்த விளக்கத்தை எந்த அமைச்சரின் படத்துக்காவது, எந்தப் பாடகரின் படத்துக்காவது யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? 1868 முதல் 1875 வரை வெள்ளை அரசு ‘இந்திய மக்கள்’ என்று எட்டுப் புகைப்படத் தொகுதிகள் வெளியிட்டது. அதில் மனிதர்கள் பெரும்பாலும் சாதி, குலப் பெயர்களாலேயே குறிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் 1936இல் டாரத்தியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ உலகமே அறிந்த படம். அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

அவசரத்தில் பெயர் கேட்க முடியாது என்பார்கள். செய்திப் படத்துக்கு அது பொருந்தும். இவை உட்காரவைத்து, முகத்தைத் திருப்பச் சொல்லி, நேரமெடுத்து எடுத்த படங்கள். சிலர் பெயரை வெளியிட விரும்பமாட்டார்கள் என்பதும் உண்மைதான். விரும்பாதவர் பெயரை எழுதவேண்டாம். ஆனால் விருப்பமா என்று கேட்கவேண்டாமா? பெரியம்மாவிடம் இன்னும் கேட்காததால்தான் நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.

நான் பொறாமையில் பேசுவதாகவும், வடசென்னையை யாராவது காட்டினாலே போதாதா என்றும் எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களைக் காட்டியவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் கரிய கைகளும் படகுகளும் எல்லா ஊடகங்களிலும் வந்தன. அந்தக் கைகள் யாருடையவை என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரையில் மீன் விற்கும் தன் தாயைப் படமெடுத்த பழனிக்குமாரும் ஒரு புகைப்படக் கலைஞர்தான். அவர் படங்களில் அந்த அம்மாவுக்குப் பெயரும் கதையும் இருப்பதால் கலை எங்கே குறைந்தது?

கண்காட்சி ஞாயிறு வரை நடக்கிறது. அட்டைகளை மாற்ற ஒரு பிற்பகல் போதும். காசிமேட்டுக்கு வாருங்கள், வீடு வீடாக நானே அழைத்துப் போகிறேன். கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியும் எடுத்து வாருங்கள்.