பிள்ளைகளின் சட்டையில் ரிப்பன் குத்தாதீர்கள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'கற்றல் பாணி' உண்டு, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று வகை பிரித்து அந்தந்த வழியில் கற்பியுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை ஒரு பயிற்சி நடந்தது. அதில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். நேரில் இல்லாதவர்களுக்கும் அந்த நாற்பது விநாடிக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். நான் எழுந்து நின்று "இதற்கு ஆதாரம் கிடையாது" என்று சொல்வதில் தொடங்கி, அரங்கமே சிரிப்பதில் முடிகிறது. அதற்கு முன் பத்து நிமிடம் பொறுமையாக நான் கேட்ட கேள்விகள் அதில் இல்லை. "சில மூத்த ஆசிரியர்களுக்கு மாற்றம் என்றாலே ஒவ்வாமை" என்று பயிற்சியாளர் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு. மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று மதியத்துக்குப் பிறகு முடியவில்லை.

பக்கத்து வகுப்பில் திங்கட்கிழமையே, வகை பிரிக்கப் பயிற்சியில் கொடுத்த படிவத்தை நிரப்பி, பிள்ளைகளின் சட்டையில் ஊக்கால் ரிப்பன் குத்திவிட்டார்கள். பார்வைவழிக்கு நீலம், செவிவழிக்கு மஞ்சள், செயல்வழிக்குப் பச்சை. மதிய உணவு வரிசையில் நின்ற ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம் சுவரில் எழுதியிருந்த உணவுப் பட்டியலைக் காட்டி, "இன்றைக்கு என்ன சாப்பாடு, வாசி பார்ப்போம்" என்றேன். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து தன் ரிப்பனைப் பார்த்தாள். "டீச்சர், நான் பச்சை. பச்சை வாசிக்க வேண்டாம்."

எட்டு வயது. இரண்டே நாட்களில் அவளுக்கு அது புரிந்துவிட்டது.

அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். ஒன்றை எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பாடம் முடிவு செய்யட்டும். பிள்ளையின் ரிப்பன் முடிவு செய்ய வேண்டாம். 'பழம்' என்ற சொல்லை 'பளம்' என்று சொல்லும் பிள்ளைக்கு ழகரத்தைப் படம் காட்டி வரவழைக்க முடியுமா? காதால் கேட்க வேண்டும், நாக்கை மடித்துப் பார்க்க வேண்டும். நீல ரிப்பன் பிள்ளைக்கும் அதுதான் வழி. தமிழ்நாட்டின் வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள எந்த மஞ்சள் ரிப்பன் பிள்ளையால் முடியும்?

போன மாதம் என் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கு. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்திருந்தேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. உதிரி இரண்டிலிருந்து ஏழை எடுக்க வழியில்லாமல் ஒரு பையன் கட்டுகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே ஒரு கட்டின் ரப்பரை உருவினான். குச்சிகள் மேசையில் சிதறின. "பன்னிரண்டு!" என்று கத்தினான். உடனே கரும்பலகைக்கு ஓடி ஐந்தை அடித்து நான்கு போட்டான். ஏன் அடித்தான் என்பதைப் பக்கத்தில் இருந்தவளுக்கு வாயால் விளக்கினான். கை, கண், காது எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிட்டன. அந்தப் பையனுக்கு எந்த நிற ரிப்பன் குத்துவது?

'வேலை செய்யச் சோம்பல்படுகிறவர்கள்தான் இப்படி எதிர்ப்பார்கள்' என்று காணொளியின் கீழ் ஒருவர் எழுதியிருக்கிறார். பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. எல்லாப் பிள்ளைகளும் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்கும் முறை செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய அது, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தபோது முதல் ஆளாக நாற்காலியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள் நான். பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணி, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். கிழிந்த அட்டைகளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். முழங்கால் வலி அன்று வந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கா மாற்றம் ஒவ்வாது?

அந்த ஏணியில் பிள்ளை ஏறினாள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். ஆனால் அது பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறாள் என்பதன் பெயர். இன்று அரும்பில் இருப்பவள் தை மாதத்துக்குள் மொட்டுக்கு வரலாம். வரவைப்பதுதான் என் வேலை. பச்சை ரிப்பனிலிருந்து பிள்ளை எங்கே போவாள்? அதற்கு அடுத்த படி என்ன? இதைத்தான் பயிற்சியாளரிடம் கேட்டேன். இந்தக் கேள்வியைத்தான் காணொளியில் வெட்டிவிட்டார்கள்.

ஆதாரம் எங்கே என்று என்னையும் கேட்கிறார்கள். சொல்கிறேன். கற்றல் பாணி என்ற பெயரில் உலவும் கோட்பாடு ஒன்றிரண்டு அல்ல. 2004-இல் பிரிட்டனில் காஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் திரட்டியபோது 71 மாதிரிகள் இருந்தன. 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரடியான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பார்வைவழிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் படம் காட்டியும் மீதிப் பேருக்கு வாயால் சொல்லியும் கற்பித்து, செவிவழிப் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால், அவரவர் பாணியில் கற்றவர்கள்தான் நன்றாக எழுதுகிறார்களா? அப்படிச் சரியான முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளே மிகச் சொற்பம் என்று அவர்கள் கண்டார்கள். அவற்றிலும் பல, இந்தக் கருத்துக்கு நேர் எதிரான முடிவையே தந்திருந்தன. அறிவு ஒன்றல்ல, பல வகை என்று சொல்லும் பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டை 1983-இல் எழுதிய ஹோவர்டு கார்டனர் பெயரையும் அன்று திரையில் போட்டார்கள். தன் கோட்பாடு வேறு, கற்றல் பாணி வேறு என்று அவரே 2013-இல் விளக்கி எழுதிவிட்டார். இதை அரங்கிலேயே சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஒரு தமிழாசிரியர் நன்னூலை எடுத்துக்கொண்டு வந்தார். 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்று பவணந்தியாரே சொல்லிவிட்டாரே, டீச்சர், என்றார். எனக்கும் அந்த நூற்பா மனப்பாடம். அதற்கு முந்தைய அடியில் 'விரையான் வெகுளான்' என்றும் இருக்கிறது, ஐயா. அவசரப்படாமல், சினம் கொள்ளாமல், பிள்ளை எப்படி வாங்கிக்கொள்கிறாள் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பது அது. நாள்தோறும், பாடந்தோறும் பார்க்க வேண்டியது. இருபது கேள்விப் படிவத்தில் ஒரே பிற்பகலில் முடிகிற காரியம் அல்ல. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: 'மாணவர் ஓரிடத்தில் உட்காராமல் இருக்கிறாரா?' ஆம் என்றால் செயல்வழி. எட்டு வயதில் எந்தப் பிள்ளை ஓரிடத்தில் உட்காரும்?

'என் மகனுக்குப் படம் இருந்தால்தான் புரிகிறது' என்று ஒரு தாய் எழுதியிருந்தார். இருக்கலாம், அம்மா. படம் எல்லோருக்கும் உதவும். உங்கள் மகனுக்கும் காட்டுங்கள், மற்ற பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் உள்ள பிள்ளைகளை நான் மறந்துவிட்டதாக இன்னொருவர். மறக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அதைக் கண்டுபிடித்தால் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும், தனிப் பயிற்சி கிடைக்கும். ரிப்பன் குத்தினால் என்ன கிடைக்கும்? 'இவன் செயல்வழி, புத்தகம் வராது' என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க மாட்டோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தம்பி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அவனுடைய ஆசிரியர் எங்கள் அப்பாவை அழைத்து, "இவனுக்குக் கை நல்ல கை. ஏட்டுப் படிப்பு வராது. கைத்தொழிலில் விடுங்கள்" என்றார். அன்பான மனிதர். நல்லதுதான் நினைத்தார். அன்றிலிருந்து தம்பியை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நானும் சொல்லவில்லை. இன்று அவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். கடுகளவு பிசகாமல் இரும்பைக் கடைவான். வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் மகள் பள்ளி விட்டு வரும்வரை அதைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்திருப்பான்.

'நன்றாகத்தானே இருக்கிறான்' என்பீர்கள். அதை அவனிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. அன்று அரங்கில் மாதிரிக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகளையே வகைப்படுத்தச் சொன்னார்கள். நிரப்பிய தாள்களை எங்கள் மேசையில் பரப்பிப் பார்த்தேன். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள், துப்புரவுப் பணிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பச்சையில் இருந்தார்கள். வீட்டில் செய்தித்தாள் வருகிற ஒன்றிரண்டு பிள்ளைகள் நீலத்தில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று 1953-இல் ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சொல்லி இந்த மாநிலமே எதிர்த்து நின்றது. 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அதையும் இதையும் ஒப்பிடுவது அநியாயம் என்று சொல்வீர்கள். நோக்கம் வேறு என்பீர்கள். சரி, வேறுதான். ஆனால் யாருடைய பிள்ளையிடம் 'உனக்குக் கைதான், உனக்குப் புத்தகம் வேண்டாம்' என்று சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் பச்சை ரிப்பன் குத்தினால் விடுவீர்களா?

பக்கத்து வகுப்பு டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைச் செய்தார். இன்று மாலை அவரிடம் பேசினேன். முதலில் முகம் வாடியது. பிறகு அந்தச் சிறுமி சொன்னதைச் சொன்னதும் எதுவும் பேசாமல் ரிப்பன் டப்பாவை அலமாரிக்குள் வைத்தார். நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. ரிப்பன் குத்திய படத்தை வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

சற்று முன் தம்பி அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியிருந்தான். யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு குரல் செய்தி: "அக்கா, நீ டிவி மாதிரி ஒன்றில் வந்திருக்கிறாயே! கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறார்கள்?"

நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.