எழுந்து நின்றாளாம்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எந்தப் பின்னூட்டம் என்று யாரும் கேட்க வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அழித்துவிட்டார். அழித்தால் ஆயிற்றா? அதற்குள் பதினேழு பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பதினேழில் நான்கு பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் புளோரிடாவின் தாம்பாவிலிருந்து ஆர்லாண்டோ போய், அங்கே எப்காட் என்கிற டிஸ்னி பூங்காவின் மலர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆறு படங்கள் போட்டேன். முதல் படத்தில் இவள், அதிகம் நடக்க முடியாதவர்களுக்கான வாடகை மின்சார ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாவது படத்தில் சீன மண்டபத்தின் பக்கம் செடிகளால் செய்த பாண்டா கரடி ஒன்றைத் தொட்டபடி நிற்கிறாள். அதற்கு அண்ணன் (ஆமாம், இத்தனை வருடமும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்) எழுதியது: "காலையில் வண்டி, மதியம் நடை! அந்தப் பூங்காவில் தீர்த்தம் ஏதாவது கொடுக்கிறார்களா தம்பி?"

நல்ல நகைச்சுவைதான். வேறு யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது எழுதியிருந்தால் நானும் பதினெட்டாவது ஆளாகச் சிரித்திருப்பேனோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூட்டரில் போகிறவர் எல்லாம் கால் விளங்காதவர் இல்லை. எழுந்து நிற்க முடிந்தவர் எல்லாம் நாள் முழுக்க நடக்க முடிந்தவரும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். என் மனைவிக்கு முடக்குவாதம், ஏழு வருடமாக. வயதானால் மூட்டு தேய்ந்து வருகிற வலி இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்த மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். ஒரு நாள் மாடிப்படி ஏறுவாள், மறுநாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் போட்டால் அடுத்த நாள் முழுக்கச் சோர்வு. எப்காட் போக வேண்டுமென்பதற்காக மருத்துவரிடம் கேட்டு அந்த வார மாத்திரையை ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்குப் பின்னால் இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. படத்தில் அதெல்லாம் விழாது. படத்தில் விழுவது சிரிப்பு மட்டும்தான்.

அந்த இடத்தின் அளவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1982 அக்டோபர் 1ஆம் தேதி திறந்த பூங்கா. வாசலில் 180 அடி உயரத்தில் அந்தப் பெரிய வெள்ளிப் பந்து. அதைத் தாண்டிப் போனால் ஏரி, ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகள். மெக்சிகோவில் தொடங்கி நார்வே, சீனா, ஜெர்மனி என்று கனடாவில் முடியும். (இந்தியா இல்லை. அது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) ஏரியை ஒரு சுற்று சுற்றினாலே இரண்டு கிலோமீட்டர். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து ஏரி, நடுவில் பட்டாம்பூச்சிக் கூடாரம், தோட்டங்கள், சாப்பாட்டுக் கடைகள், திரும்பி வருவது எல்லாம் தனிக் கணக்கு. திடகாத்திரமானவனே சாயங்காலம் பெஞ்சு தேடுகிற இடம் அது. அதுவும் வசந்தகால ஞாயிற்றுக்கிழமை. மதுரை சித்திரைத் திருவிழாவில் நின்றவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் புரிய வைக்க வேண்டியதில்லை. என்ன, இங்கே யாரும் தண்ணீர் பீய்ச்ச மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வெயிலுக்கு ஒரு ஊதா நிற லெமனேட் விற்கிறார்கள். குடித்தால் பூவின் வாசனை வருகிறது, சோப்புத் தண்ணீர் போலவும் இருக்கிறது. இவளுக்குப் பிடித்தது.

சரி, அந்த ஐந்தாவது படம். ஏன் எழுந்து நின்றாள்?

இவள் தோவாளைக்காரி. தோவாளை என்றால் தெரியும்தானே, கன்னியாகுமரி மாவட்டத்துப் பூச்சந்தை. விடிவதற்கு முன்னால் மூட்டை மூட்டையாகப் பிச்சிப்பூவும் அரளியும் வந்து இறங்கும் ஊர். அந்த ஊர் மாணிக்க மாலையை நான் முதலில் கல்யாணத்தில்தான் பார்த்தேன். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை, மூன்றையும் மடித்து மடித்துக் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்த பட்டை போல இருக்கும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் உட்கார்ந்து பூக் கட்டிய விரல்கள் இவளுடையவை. ஊரில் இருந்தவரை பூவை விலைக்கு வாங்கியதே கிடையாது, எங்கிருந்தாவது பறித்துத் தானே கட்டிக்கொள்வாள். இப்போது எங்கள் தெருவில் ஏப்ரல் வந்தால் வேலியெல்லாம் கான்ஃபெடரேட் ஜாஸ்மின் வெள்ளை வெளேரென்று பூக்கிறது. மணமும் மல்லிகையைப் போலத்தான். இவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "பேருல மட்டும்தாங்க மல்லி" என்பாள். உண்மைதான், அது மல்லிகை இனமே இல்லையாம். ஆனால் அதைப் பறித்துக் கட்டிப் பார்க்கவும் இல்லை. கட்ட முடியாது. நூலைச் சுண்டி இழுக்கிற அந்த ஒரு அசைவு விரல்களில் இல்லை.

அப்படிப்பட்டவளை ஓர் ஆள் உயரக் கரடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன செய்வாள்? அந்தச் சிற்பத்துக்குள் இரும்புக் கம்பிக் கூடு இருக்கும். கூட்டுக்குள் பாசியை அடைத்து, பாசியில் சின்னச் சின்னச் செடிகளாக நட்டு, வளர வளரக் கத்தரித்துக்கொண்டே இருப்பார்கள். 1994இலிருந்து வருடா வருடம் இந்தத் திருவிழாவுக்காக இதைச் செய்கிறார்கள். இவளுக்கு அதெல்லாம் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள், கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள், நான்கு அடி வைத்தாள், இலைகளை லேசாக விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுவும் கட்டுறதுதாங்க. நாருக்குப் பதிலா கம்பி" என்றாள். நான் படம் எடுத்தேன். நான்கு அடி. எண்ணித்தான் சொல்கிறேன், ஏழு வருடமாக எனக்கு எண்ணும் பழக்கம் வந்துவிட்டது.

அந்த நான்கு அடிக்குத்தான் தீர்த்தம்.

இப்போது வருவார்கள் என்று தெரியும். "ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லவே இல்லை. டிஸ்னி பூங்காவில் வரிசையைத் தாண்டிப் போவதற்காகவே பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்கிறார்கள் என்று 2013இல் செய்தியே வந்து நாறியது. அந்த வருடமே அக்டோபரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை அட்டை முறையை டிஸ்னிக்காரர்கள் மாற்றினார்கள். 2024இல் இன்னும் இறுக்கினார்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ஸ்கூட்டரில் போனால் வரிசை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது உங்கள் கற்பனை. பெரும்பாலான ராட்டினங்களில் சக்கர நாற்காலியும் ஸ்கூட்டரும் எல்லோரும் நிற்கிற அதே வரிசையில்தான் ஊர்ந்து போக வேண்டும். நாங்களும் ஊர்ந்துதான் போனோம். ஏமாற்றுகிறவன் இருக்கிறான் என்பதற்காக நான்கு அடி நடந்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா?

"ஸ்கூட்டர்காரர்கள் குதிகாலில் இடிக்கிறார்கள்." இடிக்கிறார்கள்தான். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் இடிக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாராவது தீர்த்தக் கவிதை எழுதினீர்களா? போகட்டும். இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"முடியாதவர்கள் வீட்டில் இருக்கலாமே, இந்தக் கூட்டத்தில் எதற்கு?" இதை நேரடியாக யாரும் எழுதவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புகளுக்கு அடியில் இருப்பது இதுதான். உங்கள் ஊர்க் கணக்குப்படி நோயாளி என்றால் படுக்கையில் இருக்க வேண்டும், முகம் வாடியிருக்க வேண்டும், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நீங்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் நம்புவீர்கள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு பட்டாம்பூச்சிக் கூடாரத்தில், "நம்மூர்ல எருக்குல வருமே, அதே சாதி" என்று மோனார்க் புழுவைக் காட்டிச் சிரித்தால் நம்ப மாட்டீர்கள். (அவள் சொன்னது சரிதான். மோனார்க் முட்டையிடுகிற மில்க்வீட் செடியும் நம் எருக்கும் ஒரே குடும்பம். பயாலஜி படித்த நான் கூகுள் பண்ணித் தெரிந்துகொண்டேன். பூச்சந்தைக்காரிக்கு இலையைக் கிள்ளினால் போதும்.)

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் தம்பி." இது அழித்த பிறகு தனிச் செய்தியில் வந்தது. எல்லோர் முன்னாலும் விளையாட்டு, மன்னிப்பு மட்டும் தனியறையில். அதுவும் மன்னிப்பு இல்லை, "நீ ரொம்ப சென்சிடிவ்" என்று ஒரு வரி இலவசம். ஆமாம் அண்ணா, சென்சிடிவ்தான். கடந்த பொங்கல் விழாவில் அவள் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, "மேடம் வேலைக்கு வர மாட்டாங்களா" என்று யாரோ கேட்டதும் எனக்குக் காதில் விழுந்தது. கோலப் போட்டிக்கு அவள் பெயரைக் கேட்காமலே எழுதிவிட்டு, வராததற்கு வருத்தப்பட்டதும் தெரியும். எப்போதும் வாயை மூடிக்கொண்டேதான் இருந்தேன். ஒரு புகைப்படத்துக்குப் போய் இவ்வளவு நீளமா என்றால், ஆமாம், அது ஒரு புகைப்படத்துக்கு மட்டும் இல்லை.

வரும் வழியில் ஐ-4 நெடுஞ்சாலையில் லவ்பக் பூச்சிகள். புளோரிடாக்காரர்களுக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டே பறக்கும், ஜோடியாகவே காரின் கண்ணாடியில் மோதிச் சாகும். முன்பு போல அதிகம் இல்லை, ஆனாலும் அன்றைக்குக் கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளி. "நம்ம மாதிரி, எங்க போனாலும் ரெண்டு பேரும்" என்றாள். அடிபட்டுச் செத்த பூச்சியைக் காட்டித்தான் சொல்கிறாள், கவனியுங்கள். இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவளுடைய காதல் வசனங்கள் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

பின்னூட்டத்தை அவளும் பார்த்துவிட்டாள். நான் கோபப்பட்ட அளவுக்கு அவள் படவில்லை. "விடுங்க, அவருக்கு முட்டு வலிக்கும்போது தெரியும்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் அடுக்கிக்கொண்டே, "நீங்களும் கேட்டவருதான" என்றாள்.

கேட்டிருக்கிறேன். நோய் என்னவென்று தெரியாமல் ஒவ்வொரு மருத்துவராக அலைந்த அந்த எட்டு மாதத்தில், ஒரு காலை, அலுவலகத்துக்கு நேரமாகிறது, இவள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்டேன். இரக்கமாக எல்லாம் கேட்கவில்லை. எரிச்சலாகக் கேட்டேன். சந்தேகமாகவும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பொத்தானை விட்டுவிட்டு நைட்டிக்கு மாறிக்கொண்டாள். ஏழு வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியது இந்த ஒரு வரிதான்.

எனவே அண்ணா, உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி எங்கே போக வேண்டியது என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதி உங்களுக்கே. அதைக் குறைத்துக்கொள்வதாக இல்லை.

ஐந்தாவது படத்தை நீக்கச் சொல்லி இரண்டு பேர் அறிவுரை சொன்னார்கள். நீக்க மாட்டேன். அதைத்தான் இப்போது முகப்புப் படமாக வைத்திருக்கிறேன். திருவிழா ஜூன் தொடக்கம் வரை இருக்கிறது. ஏரியில் பாதிச் சுற்றுதான் அன்றைக்கு முடிந்தது, அமெரிக்க மண்டபத்தோடு அவள் களைத்துவிட்டாள். ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ் எல்லாம் பாக்கி. போவோம். மறுபடி ஸ்கூட்டர்தான் எடுப்போம். பார்க்க ஏதாவது இருந்தால் மறுபடியும் எழுந்து நிற்பாள், படம் போடுவேன்.

மணி ஆறரை. அவள் இன்னும் எழவில்லை. நான் போய்க் காபித்தூள் டப்பாவின் மூடியை லேசாகத் திருகி வைக்க வேண்டும். முழுசாகத் திறந்து வைத்தால் திட்டுவாள்.