நீலமாகவே இருக்கும் ராத்திரி

போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை காலத்துக்குப் பிந்தைய படம். நடுநிசி, அதுவும் அமாவாசை என்று வசனம் சொல்லிவிட்டார்கள். கதாநாயகி தோட்டத்தில் ஓடுகிறாள். கூடவே அவள் காலடியில் குட்டையாக, கன்னங்கரேலென்று ஒரு நிழலும் ஓடுகிறது. "அமாவாசைக்கு நல்ல வெயில்" என்றார் அம்மா.

பகலில் எடுத்த காட்சிதான் அது. லென்ஸுக்கு முன்னால் நீல ஃபில்டர் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவுசெய்துவிட்டால் இரவு தயார். அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். இருட்டில் ஒரு தோப்பைக் காட்ட லாரி லாரியாக விளக்கும் ஜெனரேட்டரும் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வித்தைக்கு 'அமெரிக்க இரவு' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1973இல் எடுத்த படத்தின் தலைப்பே அதுதான்.

நீலத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. வெளிச்சம் மங்க மங்க, நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துவிடும். நீலம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சரி. அதற்காக நிலாவே எட்டிப்பார்க்காத முட்டுச்சந்துக்குமா நீலம் பூசுவது?

ஆறு வருடம் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த இரவு மஞ்சள். கேட்டைத் தாண்டி வந்தால் சோடியம் விளக்கின் கீழே எல்லோருடைய சட்டையும் ஒரே பழுப்பு. தலையில் ஒட்டிய பஞ்சுகூட மஞ்சளாகத்தான் தெரியும். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம், டீக்கடை பாய்லர், காய்கறி லாரி. இத்தனை பேர் விழித்திருக்கும் நேரத்தை நம் சினிமா பேய்க்கும் கொலைகாரனுக்கும் முதலிரவுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

அதனால்தான் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) வந்தபோது இரண்டு முறை தியேட்டருக்குப் போனேன். பாட்டு கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். ஆள் அரவமற்ற சென்னைத் தெருக்கள், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்திகளுக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்து கதை சொல்கிறான். அந்த வெளிச்சம் போதும், முகம் தெரிகிறது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. அதன் சண்டைகளைவிட எனக்குப் பிடித்தது, கதாநாயகன் டில்லி ஒரு பக்கெட்டிலிருந்து பிரியாணியை அள்ளித் தின்னும் இடம். சிறையிலிருந்து வந்தவனின் பசி அது. ஷிப்ட் முடிந்து பரோட்டாவைப் பிய்த்த எனக்கு அந்தக் கை தெரிந்த கைதான்.

ஆனாலும் ஒரு மனக்குறை. இரவை இவ்வளவு நன்றாக எடுக்கத் தெரிந்த பிறகும் அதில் பெண்ணுக்கு வேலை வெட்டி ஏதும் தருவதில்லை. துரத்தப்படுவாள், இல்லையென்றால் வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டு போவாள். அம்மா இருபது வருடம் பூ வியாபாரம் செய்தவர். விடியற்காலை மூன்று மணிக்கே கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே வாங்கி வந்து கட்டியாக வேண்டும். பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். நாய்த் தொல்லைதான் என்றார். அதற்காகவே கூடையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும்.