பினாங்கு 1941: ஒரு திருத்தம்

அண்ணே, "1941-இல் பிரிட்டிஷ் மேலதிகாரம் போனதும் மலாயாவின் பினாங்குத் தீவு தானாகச் சீரழிந்தது, அதனால் போர்க்காலத்தில் அதிகாரம் ஒரே கையில்தான் இருக்க வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கொள்ளை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஜப்பானியர் குண்டு போட்டபோது ஜனங்கள் விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள், அந்த அளவுக்குத்தான் எச்சரிக்கை இருந்தது. அப்புறம் 16-ஆம் தேதி இரவோடு இரவாக மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களைச் சத்தமில்லாமல் கப்பலேற்றிவிட்டு ஊர்க்காரர்களை அப்படியே விட்டுப் போனார்கள். நீங்கள் சொல்லும் அதே ஒற்றைக் கைதான் அதையும் செய்தது! அவசரத்தில் வானொலி நிலையத்தைக்கூட முடக்கவில்லை.

சரி, அடுத்து ஊரைப் பிடித்து நிறுத்தியது யார்? 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழ் ஆசிரியர் எம். சரவணமுத்து, நம்ம இலங்கைத் தமிழர்தான். எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்து, தொண்டர்களை வைத்தே காவலைப் பார்த்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவரே. விட்டுப்போன அதே வானொலியில், ஊரில் படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார்கள். 19-ஆம் தேதிதான் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள்.

விமானத்தை விரட்ட மையக் கட்டளை வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. 'தானாக' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணே.